நல்ல பிட்சர் ஆவது எப்படி? ஒரு முழங்கையின் கணக்கு

இந்த முறை கிரிக்கெட்டுக்குக் கொஞ்சம் லீவு விட்டுட்டு பேஸ்பால் பக்கம் போகலாம். "அந்த ஆட்டமே எனக்குத் தெரியாதே"ன்னு ஓடிடாதீங்க. சின்ன வயசில் கல் எறிந்து மாங்காய் அடித்த அனுபவம் இருந்தாலே போதும். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரை ஒரு தடவையாவது எழுதியவர் என்றால் இன்னும் நல்லாப் புரியும். ஏன்னா, பேஸ்பாலில் பந்து எறிபவரான பிட்சரின் கதை கடைசியில் ஒரு லோடு கணக்குதான். அந்த லோடைத் தாங்குவது அவருடைய முழங்கை.

ஆட்டம் ஒரு நிமிஷத்தில்

பிட்சர் நிற்கும் இடம் 10 அங்குலம் உயரமான ஒரு மண்மேடு. அதற்கு மவுண்ட் என்று பெயர். அங்கிருந்து பேட்டர் பக்கத்தில் இருக்கும் ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீட்டர். நம்ம கிரிக்கெட் பிட்ச்சின் 20.12 மீட்டரைவிடக் கொஞ்சம் குறைவு. ஓடி வந்து போட முடியாது. மவுண்டில் பதித்திருக்கும் ரப்பர் பலகையைக் காலால் தொட்டபடியேதான் எறிய ஆரம்பிக்கணும். பந்து தரையில் குத்தி எழும்புவதும் கிடையாது, நேராகக் காற்றிலேயே போகும்.

கிரிக்கெட்டில் முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நீட்டினால் த்ரோ என்று சொல்லிவிடுவார்கள். இங்கே த்ரோ பண்ணுவதுதான் வேலையே. ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம், அதாவது 43 சென்டிமீட்டர். அதற்கு மேலே, பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் ஸ்ட்ரைக் ஸோன். அந்தக் கட்டத்துக்குள் பந்து போனாலோ, பேட்டர் மட்டையைச் சுழற்றி மிஸ் பண்ணினாலோ ஸ்ட்ரைக். மூணு ஸ்ட்ரைக் வாங்கினால் அவுட். பேட்டர் தொடாமல் விட்ட பந்து கட்டத்துக்கு வெளியே போனால் அதற்குப் பெயர் பால். நாலு பால் போட்டால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அதைத்தான் வாக் என்கிறார்கள்.

இவ்வளவு தெரிந்தால் போதும். இனி பிட்சருக்கு வருவோம்.

முழங்கைக்குள் என்ன நடக்குது?

ஒரு தொழில்முறை பிட்சர் எறியும் கடைசி நொடித்துளியில் அவருடைய மேல்கை தோள்மூட்டில் உள்நோக்கிச் சுழலும் வேகம் நொடிக்குச் சுமார் 7,000 டிகிரி. நிமிஷக் கணக்கில் மாற்றிப் பாருங்க, 1,100 சுற்றுக்கு மேலே வரும். ஹாஸ்டல் ரூம் சீலிங் ஃபேன் ஃபுல் ஸ்பீடில் சுற்றுவது சுமார் 350 சுற்று. அதைப்போல மூணு மடங்கு வேகத்தில் ஒரு மனுஷனோட கை ஒரு கணம் சுழலுது!

இந்தச் சுழற்சி ஆரம்பிக்கும் நேரத்தில் முழங்கையை வெளிப்பக்கமாகப் பிளக்கப் பார்க்கும் டார்க் உச்சத்துக்குப் போகும். ஆய்வுக்கூடத்தில் அளந்தபோது அது சுமார் 64 நியூட்டன் மீட்டர் வந்தது. ஒரு மீட்டர் கம்பியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையில் ஆறரை கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி. முழங்கையின் உட்பக்கத்தில் எலும்பையும் எலும்பையும் கட்டிப் பிடித்திருக்கும் லிகமென்ட், அதாவது தசைநார், இதைத் தாங்க வேண்டும். ஆனால் இறந்தவர்களின் உடலில் இருந்து எடுத்துச் சோதித்தபோது அந்தத் தசைநார் தனியாகத் தாங்கியது சுமார் 32 நியூட்டன் மீட்டர்தான்.

லோடு 64, தாங்குதிறன் 32. ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி அரை! இப்படி ஒரு டிசைனை புராஜெக்ட் ரிவ்யூவில் காட்டினால் கைடு என்ன சொல்வார்னு உங்களுக்கே தெரியும்.

அப்போ ஒவ்வொரு த்ரோவிலும் முழங்கை ஏன் கிழிவதில்லை? சுற்றியுள்ள முன்கைத் தசைகளும் மூட்டின் எலும்பு அமைப்பும் மீதி லோடைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. தசை சோர்ந்துவிட்டால் அந்தப் பங்கு குறையும், மொத்த பாரமும் தசைநார் தலையில் விழும். பிட்சிங் கத்துக்கிறது என்றால் இந்தப் பாரத்தை எப்படிக் குறைப்பது, எப்படிப் பங்கு போடுவது, ஒவ்வொரு த்ரோவையும் எப்படி வீணாக்காமல் செலவழிப்பது என்று கத்துக்கிறதுதான். கீழே வரும் பாடங்கள் எல்லாமே இதற்குள் அடங்கும்.

பாடம் 1: வேகம் காலில் ஆரம்பிக்குது

பாத்ரூமுக்குப் போகும் வழியில் ஈரத்துண்டைச் சுழற்றி ஃபிரெண்டு முதுகில் 'பளார்'னு அடிப்பீங்களே, அதை யோசிச்சுப் பாருங்க. கை மெதுவாகத்தான் அசையும். துண்டின் நுனிதான் சாட்டையாகப் பாயும். கை சட்டென்று நிற்கும்போது அதில் இருந்த ஆற்றல் நுனிக்குக் கடத்தப்படுகிறது. பிட்சிங்கும் இதேதான். துண்டின் தடித்த பக்கம் கால், நுனி விரல்.

வரிசை இப்படி:

1. முன்காலைத் தூக்கி, பின்காலில் சமநிலையாக நிற்பது.

2. பின்காலால் ரப்பரைத் தள்ளி, முன்காலைப் பேட்டர் பக்கம் நீட்டி வைப்பது. இந்த எட்டு உங்கள் உயரத்தில் 80 முதல் 100 சதவீதம் வரை இருக்கும். ஆறடி ஆள் கிட்டத்தட்ட ஐந்தடிக்கு மேல் எட்டு வைக்கிறார்.

3. முன்கால் தரையில் ஊன்றியதும் இடுப்பு திரும்பும். அந்த நேரத்தில் தோள் இன்னும் திரும்பக் கூடாது. இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே உடம்பு முறுக்கிக்கொள்ளும், ஸ்பிரிங் மாதிரி.

4. முறுக்கு அவிழ்ந்து தோள் திரும்பும். அதன் பின்னால் முழங்கை, அதன் பின்னால் மணிக்கட்டு, கடைசியாக விரல் நுனி.

5. பந்தை விட்ட பிறகும் கை நிற்காமல் எதிர்ப்பக்க முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்கும். உடம்பும் கூடவே குனியும்.

அந்த ஐந்தாவதை யாரும் கண்டுக்கிறதே இல்லை. வண்டிக்கு ஆக்ஸிலரேட்டர் மாதிரியே பிரேக்கும் முக்கியம் இல்லையா? கையை வெடுக்கென்று நிறுத்தினால் அந்த ஆற்றல் முழுவதும் தோளின் பின்பக்கச் சின்னத் தசைகளில் இறங்கும். நீளமாக ஓடவிட்டால் முதுகும் காலும் சேர்ந்து வாங்கிக்கொள்ளும்.

புதுசா வருபவர்கள் பண்ணும் பொதுவான தப்பு, தோளை இடுப்போடு சேர்த்தே திருப்பிவிடுவது. அப்போது காலின் ஆற்றல் வழியிலேயே தொலையும். குறைந்த வேகத்தை ஈடுகட்ட கை மட்டும் கூடுதலாக இழுக்கும். முழங்கைக்குப் பாரம் ஏறும், பந்தோ வேகமாகவே போகாது.

இதைச் சரிசெய்ய பந்தே இல்லாமல் ஒரு பயிற்சி இருக்கு. சின்னத் துண்டை விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு முழு ஆக்‌ஷனையும் செய்யணும். எட்டு வைத்து, உடம்பை முன்னே கொண்டு போய், எதிரே ஃபிரெண்டு நீட்டும் கையில் துண்டின் நுனி படணும். அமெரிக்காவில் பயிற்சியாளர்கள் நிஜமாகவே செய்யச் சொல்வது இது, பெயரே டவல் டிரில்தான். நம்ம ஹாஸ்டல் டிரெய்னிங் வீண் போகலை, பாருங்க!

பாடம் 2: பிடி

பேஸ்பாலின் எடை 142 முதல் 149 கிராம், கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் லேசு. வெள்ளைத் தோலில் சிவப்பு நூலில் 108 இரட்டைத் தையல்கள். கிரிக்கெட் பந்தின் தையல் நடுவே வளையமாக ஓடும். இதில் தையல் குதிரை லாடம் மாதிரி வளைந்து வளைந்து பந்து முழுக்கச் சுற்றி வரும். விரலை அதில் எங்கே வைக்கிறீங்க என்பதுதான் பந்து எந்தப் பக்கம் சுழலும் என்று தீர்மானிக்கிறது.

ஃபோர்-ஸீம் ஃபாஸ்ட்பால்: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் லாடத்தின் குறுக்கே, நுனிகள் தையல் மேல். கட்டைவிரல் கீழே. பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இடைவெளி விட்டுப் பிடிக்கணும், முட்டையைப் பிடிக்கிற மாதிரி. விடும்போது விரல்கள் பந்தின் பின்புறத்தைக் கீழ்நோக்கி இழுப்பதால் பின்சுழற்சி வரும். தொழில்முறை ஆட்டத்தில் இது நிமிஷத்துக்கு 2,200 சுற்றை ஒட்டி இருக்கும். ஃபுளூயிட் மெக்கானிக்ஸில் படித்த மேக்னஸ் விளைவு ஞாபகம் இருக்கா? பின்சுழற்சி பந்தை மேல்நோக்கித் தள்ளும். புவியீர்ப்பை வெல்ல அது போதாது. அதனால் பந்து எழும்பாது, எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இறங்கும். பேட்டரின் கண்ணுக்கு அது மேலே எழுவது போலத் தெரியும்.

சேஞ்ச்அப்: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பந்தின் பக்கவாட்டில் வட்டம் போடும். மற்ற மூணு விரலும் பந்தின் மேல். பந்து உள்ளங்கையில் இன்னும் ஆழமாக உட்காரும். கை அதே வேகத்தில் வரும், பந்து மட்டும் மெதுவாகப் போகும்.

கர்வ்பால்: நடுவிரல் தையலை ஒட்டி அழுத்தும். கை பந்தின் முன்பக்கத்தை மேலிருந்து கீழாக உருட்டிவிடும். இதில் முன்சுழற்சி, ஆகவே மேக்னஸ் விளைவு பந்தைக் கீழே தள்ளும். வந்துகொண்டே இருந்த பந்து பேட்டர் முன்னால் பொத்தென்று சரியும்.

கத்துக்கும் வரிசையும் இதுவேதான். முதலில் ஃபாஸ்ட்பால், அது சொன்ன இடத்துக்குப் போக ஆரம்பித்ததும் சேஞ்ச்அப், கடைசியாகத்தான் கர்வ்பால். யூடியூபில் கர்வ்பால் வீடியோ பார்த்துட்டு முதல் நாளே மணிக்கட்டை முறுக்கக் கிளம்பிடாதீங்க.

பாடம் 3: பேட்டரின் நேரத்தைக் குழப்புவது

கொஞ்சம் கணக்குப் போடலாம். எட்டு வைத்து முன்னால் வந்து விடுவதால் பந்து கையை விட்டுப் பிரியும் இடத்திலிருந்து பிளேட் வரை சுமார் 16.8 மீட்டர்தான். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 40 மீட்டர். காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால் பந்து போய்ச் சேர 0.42 நொடி. மட்டையைச் சுழற்றவே சுமார் 0.15 நொடி ஆகும். மீதி கால் நொடியில் பேட்டர் பந்தைப் பார்த்து, கணித்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்கணும்.

இப்போது அதே கை வேகத்தில் மணிக்கு 129 கிலோமீட்டரில் ஒரு சேஞ்ச்அப். போய்ச் சேர 0.47 நொடி. வித்தியாசம் வெறும் 0.05 நொடி. ஆனால் ஃபாஸ்ட்பால் என்று நம்பி மட்டையைச் சுழற்றியவருக்கு, பந்து இன்னும் 1.8 மீட்டர் தள்ளி வந்துகொண்டிருக்கும். மட்டை காற்றைத்தான் அடிக்கும்.

கவனிச்சீங்களா? இங்கே பேட்டரை ஏமாற்றியது வேகம் குறைந்த பந்து. 145-ஐ 160 ஆக்க முழங்கையைப் பிழிவதைவிட, 145-க்கும் 129-க்கும் ஒரே ஆக்‌ஷன் வைத்திருப்பது பல சமயம் அதிக ஸ்ட்ரைக் தரும்.

பாடம் 4: சொன்ன இடத்துக்குப் பந்து

வேகத்துக்கு உதாரணம் வேணும்னா நோலன் ரயன் இருக்கிறார். மேஜர் லீக் வரலாற்றிலேயே அதிகம், 5,714 பேரை ஸ்ட்ரைக் அவுட் பண்ணியவர். வாக் கொடுத்ததிலும் சாதனை அவருடையதே, 2,795. சந்தேகமே இல்லாத மாமேதை, 27 பருவங்கள் தாங்கிய கை. அப்படி ஒரு கை கோடியில் ஒருத்தருக்கு அமையும்.

நம்ம மாதிரி ஆட்கள் பார்க்க வேண்டியது கிரெக் மேடக்ஸை. இவருக்குப் பட்டப்பெயரே 'புரொபசர்'. வேகத்துக்குப் பேர் போனவர் கிடையாது. ஆனால் 355 வெற்றிகள், 1992 முதல் 1995 வரை தொடர்ந்து நாலு வருஷம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. 5,000 இன்னிங்ஸுக்கு மேல் போட்டும் கொடுத்த வாக் 999 மட்டும். பந்து எங்கே போகணும்னு நினைத்தாரோ அங்கே போனது, அவ்ளோதான்.

வாக் குறைந்தால் எறியும் எண்ணிக்கையும் குறையும். நாலு பந்தில் முடியும் பேட்டருக்கு எட்டுப் பந்து போட்டால் முழங்கையின் செலவு இரட்டிப்பு. அதனால் கட்டுப்பாடு என்பதும் முழங்கைக்கான காப்பீடுதான்.

பயிற்சிக்குப் பெரிய வசதி வேண்டாம். ஒரு சுவரில் சாக்பீஸால் 43 சென்டிமீட்டர் அகலத்தில், முழங்காலில் இருந்து மார்பு வரை கட்டம் போடுங்க. அதை மூணுக்கு மூணாக ஒன்பது சின்னக் கட்டங்களாகப் பிரிச்சு நம்பர் எழுதுங்க. டென்னிஸ் பந்து போதும். முதலில் 12 மீட்டரில் நின்று, எறிவதற்கு முன்பே நம்பரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு எறியுங்க. 20 பந்தில் எத்தனை சொன்ன கட்டத்தில், எத்தனை பெரிய கட்டத்துக்குள், எத்தனை வெளியே என்று எழுதி வைங்க. பெரிய கட்டத்துக்குள் 14, 15 விழ ஆரம்பித்த பிறகு பின்னால் நகருங்க. 18.44 மீட்டருக்குப் போக அவசரம் ஒண்ணும் இல்லை.

பாடம் 5: நிறுத்தத் தெரியணும்

1974 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் டாமி ஜான் என்ற பிட்சருக்கு ஆட்டத்தின் நடுவே இடது முழங்கைத் தசைநார் கிழிந்தது. அதுவரை அப்படிக் கிழிந்தால் அந்த பிட்சரின் கதை முடிந்தது என்றுதான் அர்த்தம். அந்த செப்டம்பரில் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் அவருடைய வலது முன்கையில் இருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டு நூல் கோப்பது போலக் கோத்தார். டாமி ஜான் 1975 முழுக்க ஆடவில்லை. 1976-ல் திரும்பி வந்தவர் 1989 வரை, 46 வயது வரை ஆடினார். மொத்தம் 288 வெற்றிகளில் 164 அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்தவை. இன்றைக்கும் அந்தச் சிகிச்சைக்கு அவர் பெயர்தான்.

கதை கேட்க நல்லா இருக்கு. ஆனால் "கிழிஞ்சா தைச்சுக்கலாம்" என்று யாரும் நினைச்சுடக் கூடாது. சிகிச்சைக்குப் பிறகு மறுபடி ஆட்டத்தில் எறிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். எல்லோரும் பழைய நிலைக்குத் திரும்புவதும் இல்லை.

சோர்ந்த கையோடு அடிக்கடி எறிந்த இளம் பிட்சர்களுக்குக் காயத்தால் அறுவை சிகிச்சை வரை போகும் ஆபத்து 36 மடங்கு அதிகம் என்று 2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அதற்கு அடுத்த வருஷமே சிறுவர்களுக்கான லிட்டில் லீக் அமைப்பு ஒரு நாளைக்கு இத்தனை பந்துதான் என்று வரம்பு கொண்டு வந்தது. 11, 12 வயதுக்கு 85 பந்து. 17, 18 வயதுக்கு 105. இது வருஷக்கணக்காகப் பழகியவர்களுக்கான உச்சவரம்பு. நேற்று ஆரம்பித்தவருக்கான இலக்கு இல்லை.

ஆரம்பத்தில் இவற்றை வைத்துக்கொள்ளுங்க:

முதலில் ஓடி, உடம்பு வியர்த்த பிறகுதான் எறியணும். எறிந்து எறிந்து உடம்பைச் சூடாக்கக் கூடாது.

முதல் மாதம் ஒரு நாளைக்கு 25, 30 பந்து, வாரத்துக்கு மூணு நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. முழு வேகத்தில் வேண்டாம்.

மற்ற நாட்களில் ஸ்குவாட், லஞ்ச், பிளாங்க். ரப்பர் பேண்டைக் கதவில் கட்டி, முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, கையை வெளியேயும் உள்ளேயும் இழுக்கும் பயிற்சி. பார்க்க சப்பையாத்தான் இருக்கும். பிரேக் பிடிக்கும் சின்னத் தசைகள் வளர்வது அதில்தான்.

தசை வலியும் மூட்டு வலியும் வேறு வேறு. தொடையும் முதுகும் வலித்தால் சந்தோஷப்படுங்க, காலால் எறிஞ்சிருக்கீங்க. முழங்கையின் உட்பக்கத்தில் சுருக்குன்னு குத்தினாலோ, சுண்டு விரல் மரத்துப்போனாலோ அன்றைக்கு அதோடு நிறுத்தணும். மாத்திரை போட்டுட்டு மேட்ச் ஆடப் போகக் கூடாது. டாக்டரைப் பாருங்க.

பந்து மேலே மேலே போக ஆரம்பிச்சா, எட்டு சின்னதாக ஆரம்பிச்சா, அது சோர்வின் அறிகுறி. வலிக்கும் முன்பே உடம்பு இப்படிச் சொல்லிவிடும்.

இரண்டு ஈட்டிக்காரர்கள்

"இதெல்லாம் சின்ன வயசிலேயே ஆரம்பிக்கணும், நமக்கு லேட்"னு தோணுதா? 2008-ல் இந்தியாவில் ஒரு டிவி போட்டி நடந்தது, பெயர் 'மில்லியன் டாலர் ஆர்ம்'. யார் வேகமாகவும் சரியாகவும் பேஸ்பால் எறிகிறார்கள் என்ற தேடல். ஜெயித்தவர் ரிங்கு சிங், அவரோடு தேர்வானவர் தினேஷ் படேல். இருவரும் உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்தவர்கள், அதற்கு முன் பேஸ்பாலையே தொட்டதில்லை. ரிங்குவின் பந்து மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டரில் போனது. அமெரிக்காவுக்குப் போய் டாம் ஹவுஸ் என்ற முன்னாள் பிட்சரிடம் பயிற்சி எடுத்தார்கள். அதே வருஷக் கடைசியில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவர்களை ஒப்பந்தம் செய்தது. 2009-ல் கீழ்நிலை லீகில் ஆடி, அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் வெற்றியைத் தன் பெயரில் எழுதிய முதல் இந்தியர் ஆனார் ரிங்கு.

சினிமா அங்கே முடிந்தது. நிஜம் முடியவில்லை. தினேஷ் சில பருவங்களிலேயே வீடு திரும்பினார். ரிங்கு காயங்களால் பல பருவங்களை இழந்தார், மேஜர் லீக்கை எட்டவே இல்லை. பிறகு மல்யுத்தப் பொழுதுபோக்குக்குப் போய்விட்டார். எறியும் வலு அவர்களிடம் முதல் நாளே இருந்தது. எந்த பேட்டருக்கு எந்தப் பந்து என்பது மற்றவர்களுக்குப் பத்து வயசில் இருந்து ஊறியது. அந்த இடைவெளியை அவசரமாகக் கடக்கும்போது விலை கொடுப்பது உடம்புதான்.

நமக்கு அந்த அவசரம் இல்லை, நம்மை ஒப்பந்தம் செய்ய யாரும் வாசலில் நிற்கலை. அதனால் நிதானமாகக் கத்துக்கலாம். இந்த சனிக்கிழமை ஒரு துண்டு, ஒரு சாக்பீஸ், ஒரு டென்னிஸ் பந்து, ஒரு ஃபிரெண்டு. முதலில் பந்தில்லாமல் 20 முறை டவல் டிரில். அதை மொபைலில் பக்கவாட்டில் இருந்து ஸ்லோ மோஷனில் எடுங்க. முன்கால் ஊன்றும் ஃபிரேமில் நிறுத்திப் பாருங்க. இடுப்பு திரும்ப ஆரம்பித்து, தோள் இன்னும் பின்னால் இருக்கா? இருந்தால் சாக்பீஸை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போகலாம். இல்லையென்றால் பந்து பையிலேயே இருக்கட்டும், இன்னொரு 20 துண்டு வீச்சு.